அகராதி அக்கா கட்டிவிட்ட கதை

நாளிதழ் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், பிழை திருத்தும் பிரிவில், அவளுக்கு அகராதி அக்கா என்று பெயர். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். மேசையின் வலது ஓரத்தில் முதுகு கிழிந்த அகராதி ஒன்று எப்போதும் கிடக்குமே, அதனால் வைத்த பெயர் என்று வைத்தவர்கள் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் தலையங்கத்தில் ஒரு ரகரத்தை றகரமாக்கச் சொல்லி ஆசிரியரின் அறைக்கே போய் நின்றவள் அவள். "சேர்ந்து ரெண்டு மாசம் ஆகல, சரியான அகராதி புடிச்சதா இருக்கும் போலருக்கே" என்று ஆசிரியர் தன் உதவியாளரிடம் சொன்னது கண்ணாடிக் கதவைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. எழுத்து மாறியது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் அதே நாற்காலி. ஜன்னலை ஒட்டிய மேசை, தலைக்கு மேல் விட்டுவிட்டு எரியும் டியூப் லைட், மூன்று சிவப்புப் பேனா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. அதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. கட்டுரையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பாள். "நேராப் படிச்சா கதை நம்மள இழுத்துக்கிட்டுப் போயிடும். அடுத்து என்ன வரும்னு மூளைக்குத் தெரியும். தெரிஞ்சதைக் கண்ணு பாக்காது" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வாள். எழுதியவர்களே பத்துத் தடவை படித்தும் தப்பிய பிழைகள் அவளிடம் ஒரே தடவையில் மாட்டும். அவர்களுக்கு அந்த எழுத்து பழகிப்போயிருக்கும், அவளுக்குப் பழகவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

வீட்டில் கணவன் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவன். கல்லூரிக்குப் போகும் மகள். கணவன் நாளெல்லாம் ஊரார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தால் எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் மாமியார் என்று கதை சொல்லுவான். அவள் ம் கொட்டிக்கொண்டே வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பாள். இருபது வருடக் கல்யாணத்தில் அந்த 'ம்' எந்த நேரத்தில் காதிலிருந்து வருகிறது, எந்த நேரத்தில் வெறும் வாயிலிருந்து வருகிறது என்று அவனுக்கும் பிடிபடாது.

ஞாயிறு இணைப்பிதழில் சொற்களும் தொடர்களும் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை ஒன்பது வருடம் எழுதிய பேராசிரியர் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். இணைப்பிதழின் பொறுப்பாசிரியர் சிரித்துச் சிரித்தே வேலை வாங்கிவிடுகிற மனிதர். படியேறி மூன்றாம் மாடிக்கு வந்தார்.

"அக்கா, அந்தப் பெட்டியை நீங்க எழுதுங்களேன்."

"நான் எழுதுறவ இல்ல சார். எழுதினதைத் திருத்துறவ."

"வாரத்துக்கு நாப்பது வரி. அகராதியைப் புரட்டினா வந்துடப் போகுது. உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது. இருபது வருடம் மற்றவர்கள் வீட்டைப் பெருக்கிக் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு மூலை கிடைத்த மாதிரி.

முதல் சில வாரங்கள் நூலகத்துக்குப் போய்ப் பழைய அகராதிகளை அலசி, கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதினாள். கிடைக்காதபோது 'இதன் தோற்றம் தெரியவில்லை' என்று எழுதினாள். மூன்றாவது முறை அந்த வரி வந்ததும் பொறுப்பாசிரியர் கீழிருந்து போன் செய்தார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மனுஷன் டீயை வெச்சுக்கிட்டு ஆசையா உக்காந்திருக்கான். அவன்கிட்ட போய் 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லத்தான் பேப்பர் போடுறோமா? ஏதாவது சொல்லுங்க. சுவாரசியமா சொல்லுங்க."

பதினோராவது வாரம் வாசகர் ஒருவரின் கடிதம் கிடைத்தது. ஒரு விஷயம் நமக்கு நன்றாகப் பழக்கம் என்பதைச் சொல்ல இத்தனை தொடர்கள் இருக்கின்றனவே, அவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருந்தார். அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கரதலப் பாடம் சுலபம். கரதலம் என்றால் உள்ளங்கை. பாடம் கைக்குள்ளேயே இருக்கிறது. தலைகீழ்ப் பாடத்தை எழுதும்போது தன் தொழிலை நினைத்துச் சிரித்துக்கொண்டாள். உள்ளங்கை நெல்லிக்கனிக்கு விளக்கமே வேண்டாம். அத்துப்படிக்கு உறுதியாக எதுவும் அகப்படவில்லை, விட்டுவிட்டாள். கடைசியாகத் தண்ணி பட்ட பாடு. இரண்டு நாள் தேடினாள். பொருள் கிடைத்தது, கதை கிடைக்கவில்லை.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பக்கத்தை அனுப்ப வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குப் பக்க வடிவமைப்பாளர் போன் செய்தாள். "அக்கா, பெட்டியில ஒம்பது வரி காலியா நிக்குது. படம் போட்டு நெரப்பட்டுமா, இல்ல எழுதித் தரீங்களா?"

எழுதித் தருவதாகச் சொன்னாள். முதலில் ஒரு படகோட்டியைப் போட்டாள். படகோட்டி வரி கூடுதலாக இழுத்தான், அடித்துவிட்டாள். துணி வெளுப்பவர் ஒருவர் வந்தார், அவரும் பொருந்தவில்லை. கடைசியில் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிற ஓர் ஆள் வந்து நின்றான். முந்நூறு வயலுக்கு அவன் ஒருவனே மடை திறப்பவன். கண்ணைக் கட்டி விட்டாலும் வரப்பில் நடந்துகொண்டே, எது தண்ணீர் பட்ட பக்கம், எது படாத பக்கம் என்று சொல்லுவான். பார்க்கவே வேண்டாம், காலே சொல்லிவிடும். பாடு என்றால் பக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு, எனவே இத்தொடர் அவனிடமிருந்து பிறந்தது என்பார்கள்.

யார் என்பார்கள்? யாரும் இல்லை. ஆறு நிமிடத்தில் கட்டிய சரடு. ஒன்பது வரி கச்சிதமாக நிரம்பியது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது நெஞ்சில் ஏதோ நெருடியது. சாப்பிட்டு முடித்ததும் போய்விட்டது.

அந்த வாரம்தான் பெட்டிக்கு முதன்முதலாகப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நான்கு கடிதம், நான்கும் நீர் பாய்ச்சும் ஆளைப் பற்றி. பொறுப்பாசிரியர் மாடியேறி வந்து, "பாத்தீங்களா, இதைத்தான் கேட்டேன்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கதைக்குக் கைகால் முளைத்தது. சில மாதம் கழித்துப் பேருந்தில் வானொலிப் பேச்சாளர் ஒருவர் அதை உருக்கமாகச் சொல்லக் கேட்டாள். அவர் கூடுதலாக அந்த ஆளைக் குருடனாக்கியிருந்தார். மறுவருடம் மகளின் போனுக்கு வந்தது, பூப்படம் எல்லாம் போட்டு, 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல' என்ற தலைப்போடு. "அம்மா, இது உனக்குத் தெரியுமா?" என்று மகள் நீட்டினாள். தெரியும் என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளித் தேர்வில் சரியா தவறா என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் வந்தது. சரி என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அவளுக்குள் ஒரு சின்னப் பெருமைதான் இருந்தது. தன் கையால் எழுதியது ஊரெல்லாம் சுற்றுகிறதே என்கிற பெருமை. குற்ற உணர்வு அதற்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

நான்கு வருடம் ஆயிற்று. அவள் சனிக்கிழமைகளில் வீட்டில் வைத்து ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பது வழக்கம். ஒரு சனிக்கிழமை பதிப்பகத்திலிருந்து இருநூற்று நாற்பது பக்கக் கட்டு வந்தது. தொடர்கள் பிறந்த கதை பற்றிய புத்தகம். எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல ஒவ்வொரு பக்கத்தையும் அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தாள். எண்பத்தேழாம் பக்கத்தில் அவள் கண்ணில் முதலில் பட்ட வரி, 'பார்க்கவே வேண்டாம், காலே சொல்லிவிடும்.'

ஒன்பது வரி இரண்டரைப் பக்கமாக வளர்ந்திருந்தது. ஏழு வருடப் பஞ்சம் ஒன்று வந்திருந்தது. குறுநில மன்னன் ஒருவன் பரிசு கொடுத்தான். நடுவில் அவளுடைய காற்புள்ளிகள்கூட இடம் மாறாமல் இருந்தன. பேனாவை எடுத்து ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லை எழுதக் கை கூசியது.

தலைமையாசிரியர் மறுவாரம் நேரில் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் பிழை திருத்திய தாள்கட்டு. மற்ற திருத்தங்களுக்கெல்லாம் வாயாரப் பாராட்டினார். பிறகு எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார்.

"இதுக்கு மட்டும் கேள்விக்குறி போட்டிருக்கீங்களே அம்மா. இது ஊரறிஞ்ச விஷயமாச்சே."

"உங்களுக்கு எப்படி ஐயா தெரியும்?"

"எங்கப்பா சொன்னது. நான் அப்போ அஞ்சாங் கிளாஸ். கண்ணாடி முன்னாடி நின்னு ஷேவ் பண்ணிக்கிட்டே சொன்னாரு. ஒரு கன்னத்துல நுரை அப்படியே இருக்கு. இன்னிக்கும் என் கண்ணுல நிக்குது."

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து கத்தரித்து வைத்திருந்த தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது நான் எழுதினது. நாலு வருஷம் முன்னாடி, ஒரு புதன்கிழமை. ஒம்பது வரி காலியா இருந்தது, நானா இட்டுக்கட்டினேன். இதுக்கு முன்னாடி இந்தக் கதை எங்கயும் கிடையாது."

அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முடித்ததும் சிரித்தார். பள்ளிப் பிள்ளை சொல்லும் சாக்கைக் கேட்டுப் பழகியவரின் சிரிப்பு.

"நீங்க எங்கயோ கேட்டிருப்பீங்கம்மா. சின்ன வயசுல காதுல விழுந்திருக்கும், மறந்திருப்பீங்க. அவசரத்துல கைக்கு வந்திருக்கு."

"இல்லைங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கே."

அவள் கொடுத்த டீயைக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்போ எங்கப்பா சொல்லவே இல்லைங்கிறீங்களா?" என்று கேட்டார்.

பிழை என்றால் அடித்துவிட்டுச் சரியானதை மேலே எழுதலாம். இந்த மனிதரின் அப்பாவை அடித்துவிட்டு மேலே எதை எழுதுவது? அவர் கோபப்படவில்லை. தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று கிளம்பினார்.

சாயங்காலம் கணவன் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டான்.

"எந்தக் கதை, அந்தக் கால் சொல்லுமே, அதுவா? அது நான் சொன்னதுதானே?"

"நீங்க எப்போ சொன்னீங்க?"

"அந்தப் பெரிய அப்பார்ட்மெண்ட் கீழ்த்தளத்துல கரண்டு இல்லாம மீட்டர் ரூமுக்குப் போனேன்ல. தரையெல்லாம் தண்ணி. எங்க ஈரம், எங்க காஞ்சிருக்குன்னு காலை வெச்சே கண்டுபிடிச்சுப் போனேன்னு சொன்னேனே. நீகூட ம் ம்னு கேட்டுக்கிட்டிருந்த. பேப்பர்ல வந்தப்பவே பாத்தேன். நம்ம கதையைத் தூக்கி வயல்ல நட்டுட்டாளேன்னு நினைச்சேன். சரி, பொண்டாட்டிதானேன்னு விட்டுட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னது அவளுக்குத் துளியும் நினைவில் இல்லை. ஆனால் அவன் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. இரண்டு நாள் வேலையில் மனம் ஒட்டவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் ஓர் ஒற்றெழுத்தைக் கோட்டைவிட்டாள். அடுத்த மேசைக்காரர் அதிசயமாகப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மதியம் படகோட்டி நினைவுக்கு வந்தான். முதலில் படகோட்டி, பிறகு துணி வெளுப்பவர், அப்புறம்தானே வயல்? கேட்டதை எழுதுகிறவள் ஆளை இரண்டு தடவை மாற்றுவாளா? கணவன் சொன்ன ஈரத்தரை அதில் ஒரு துளி கலந்திருக்கலாம். இருக்கட்டும். தொடர் அங்கே பிறந்தது என்று எழுதியதற்கு ஈரத்தரை பொறுப்பல்ல. 'என்பார்கள்' என்ற சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அது முழுக்க முழுக்க அவளுடைய சரக்கு.

அந்த வாரப் பெட்டியில் ஒரே விஷயத்தைத்தான் எழுதினாள். தண்ணி பட்ட பாட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே சொன்ன கதை தன் கற்பனை, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

பொறுப்பாசிரியர் இந்த முறை சிரிக்கவில்லை. "நாலு வருஷம் கழிச்சு இப்போ யாரு அக்கா கேட்டா? யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி இருக்கு."

"பிழைன்னு தெரிஞ்சா திருத்தணும் சார். அதுக்குத்தானே சம்பளம் தர்றீங்க."

அவர் தாளை இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்தொன்பது கடிதங்கள் வந்தன. பதினாறில் வசை. முன்னோர்கள் சொன்னதைக் கற்பனை என்று சொல்ல இந்த அம்மாள் யார் என்று கேட்டார் ஒருவர். இன்னொருவர் தன் சிறுவயதில் அந்த நீர் பாய்ச்சும் ஆளின் பரம்பரையில் வந்தவரையே பார்த்திருப்பதாக எழுதினார். ஒரு கடிதம் மிகவும் நிதானமாக, அழகான கையெழுத்தில் இருந்தது. 'தங்கள் மறுப்பு தவறு. இக்கதை நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் நாளிதழிலேயே வெளிவந்துள்ளது. எடுத்துப் பார்க்கவும்.' அதைப் படித்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிரிவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; அகராதி அக்கா அலுவலகத்தில் சிரித்து அவர்கள் கண்டதில்லை.

மறுமாதம் புத்தகத்தின் இரண்டாவது பிழைதிருத்தப் படி வந்தது. எண்பத்தேழாம் பக்கம் அப்படியே இருந்தது. பஞ்சம் இருந்தது, மன்னன் இருந்தான். அடியில் மட்டும் சின்ன எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு முளைத்திருந்தது: 'இது கற்பனையே எனக் கூறுவோரும் உளர்.'

ஒற்று சரியாக இருந்தது. முற்றுப்புள்ளி சரியாக இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை. பக்கத்தின் மூலையில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். புத்தகம் வந்தது, நன்றாக விற்றது. பெட்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஒரு கல்லூரி விரிவுரையாளர் எழுத ஆரம்பித்தார். அவர் பக்கத்திலும் ஓரங்களில் நிறைய 'ஆதாரம்?' விழுந்தது. சில வாரம் பெட்டி ஐந்தாறு வரி குறைந்தே வந்தது. யாரும் செத்துப்போகவில்லை.

வீட்டில் கணவன் கதை சொல்லும்போது இப்போதெல்லாம் அவள் தட்டை நகர்த்திவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவனுக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "என்ன, எதையாவது எழுதப்போறியா?" என்று சந்தேகப்பட்டான். சில நாளில் இருவருக்கும் பழகிவிட்டது.

ஒரு வருடம் கழித்துத் தலைமையாசிரியர் போன் செய்தார். நலம் விசாரித்தார்.

"அம்மா, அந்த விஷயத்தை நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். எங்கப்பா நுரையோட நின்னு ஏதோ சொன்னாரு. அது சத்தியம். என்ன சொன்னாருங்கிறதுதான் இப்போ தெரியல."

"வேற ஏதாவது நல்லதாத்தான் சொல்லியிருப்பாரு ஐயா."

"ஆமா, ஆமா. சொல்லியிருப்பாரு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொண்ணு கேக்கணும். பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையில வாழ்த்துக்கள்னு போடணுமா, வாழ்த்துகள்னு போடணுமா?"

"க் வேண்டாம் ஐயா. வாழ்த்துகள் போதும்."

"அடடா. அச்சடிச்சு வந்துடுச்சே. ஐந்நூறு காப்பி. க் போட்டுத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றார் அவர்.